சும்மா கூப்பிடச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சமூக மன்றத் தலைவர் ஹோமர் விசிலிங் எல்க் அவர்களே, சற்று முன் புகைக்குழாய் ஏந்தி நமக்காக வேண்டிக்கொண்ட பெரியவரே, முரசைச் சுற்றி அமர்ந்திருக்கும் பாடகர்களே, விடிந்ததிலிருந்து அடுப்பை விட்டு நகராத அம்மாக்களே, முன்வரிசையில் இருக்கும் ஜெனீவா அத்தை, டில்ஃபர்டு சித்தப்பா, எல்டோரா அம்மா, பனியில் வண்டி ஓட்டி வந்து சேர்ந்த என் லகோட்டா உறவுகளே! நல்ல மனத்தோடு உங்கள் முன் நிற்கிறேன். உங்கள் எல்லோருடைய கையையும் பற்றிக் குலுக்குகிறேன்.

என் பெயர் டானெல். மன்ற அலுவலகத்தில் போன் உதவி மேசையில், கணினிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. இன்று நான் பேச வேண்டும் என்று தலைவர் சொன்னபோது, எனக்குப் பேச வராது என்றேன். "உங்க மாமனுக்குப் பேச்ச நிறுத்த வராது, உனக்குப் பேச வராது. அதான் அந்த ஆபீஸ் இத்தன வருஷம் ஓடுச்சு. ஏறிப் பேசு, போ" என்றார். ஆகவே எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மைக்கைப் பிடித்திருக்க வேண்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் எயபாஹா! நம் ஊரின் குரல்! நடனத் திடலில் நமக்கெல்லாம் அறிவிப்புச் சொன்னவர்! வெர்டெல் ஹாலோ ஹார்ன் என்ற அந்தப் பெரிய மனிதருக்கு நன்றி சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம். எனக்கு அவர் வெர்டெல் மாமா. உங்களில் பாதிப் பேருக்கும் அவர் மாமாதான். மீதிப் பேருக்கு மச்சான்.

மச்சான் என்றதும், மாமாவின் மனைவி ஜெனீவா அத்தையின் தம்பி டில்ஃபர்டு சித்தப்பா என்னைப் பார்க்கிறார். அவர் காலையில் வாசலில் என்னை நிறுத்தி, "பேப்பர் வச்சிருக்கியா? நல்லது. ஆனா ரொம்பப் புகழ்ந்துடாத. அவன் எந்திரிச்சு வந்து மைக்கப் புடுங்கிடுவான்" என்றார். மச்சான் பேச்சு அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குறை வைக்கக் கூடாது. மாமா உயிரோடு இருந்தபோது சித்தப்பா அவர் பெயரை வைத்தே கேலி செய்வார். "ஹாலோ ஹார்ன்னா உள்ள ஒண்ணும் இல்லாத கொம்பு. பேர்லயே எழுதி ஒட்டியிருக்கு. ஊதுனா சத்தம் மட்டும்தான் வரும்." மாமா விடமாட்டார். "சத்தமாவது வருதே. உன்ன ஊதுனா உங்க அக்காகிட்ட நீ கடன் கேட்ட கதைதான் வரும்" என்பார். இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே காப்பிப் பாத்திரத்தில் இருபது வருடம் குடித்தவர்கள்.

அந்தக் குரலை நாம் எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம்! நடன விழாவில் தொலைந்த குழந்தைக்குத் தாயைக் கண்டுபிடித்துக் கொடுத்த குரல் எது? போரிலிருந்து திரும்பிய பையன்களின் பெயரை, ஒரு எழுத்தும் பிசகாமல், எல்லோரும் எழுந்து நிற்கும்படி அழைத்த குரல் எது? "சிவப்பு ஃபோர்டு வண்டிக்காரரே, உங்க வெளக்கு எரியுது. உங்கள மாதிரியே உங்க பேட்டரியும் சீக்கிரம் தூங்கிடும்" என்று சொல்லித் திடலையே சிரிக்க வைத்த குரல் எது?

அந்தக் குரலோடுதான் அவர் எங்கள் மேசைக்கு வந்தார்.

வேலை உங்களுக்குத் தெரியும். நம்மைப் போன்ற பழங்குடி மக்களின் நிலங்களில் வாழ்பவர்களுக்கு அரசு உதவியில் மலிவான போன், மலிவான இணையம். பல வீடுகளுக்கு மாதக் கட்டணமே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு லைன். நான் கணினியில் பதிவு செய்வேன். மாமா வியாழக்கிழமைதோறும் வண்டியில் வீடு வீடாகப் போவார். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் மருத்துவமனை நர்ஸ் கூப்பிட ஒரு எண், ரேபிட் சிட்டியில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட ஒரு எண், பள்ளிப் பாடத்தைப் பார்க்க ஒரு திரை. இவை இல்லாத வீட்டில் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று நமக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் இலையுதிர் காலத்தில் போன்கள் வந்தன. மாமா ஒவ்வொன்றையும் விருது கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். நாங்கள் மகிழ்ந்தோம். ஊர் மகிழ்ந்தது.

குளிர் இறங்கியதும் போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. போன் கம்பெனியின் கோபுரத்தில் கோளாறு என்று நினைத்தோம். ஹோபார்ட் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று அறிந்த பிறகுதான் புரிந்தது. சிறுநீரகத்துக்காக அவரை டயாலிசிஸுக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர், பாதை மூடியிருந்ததால் வேறு வழியில் வருவதாகச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். லைன் இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டார். அடுத்த முறையும் அப்படியே. பெரியவரை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று. அவர் பிழைத்தார். இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

மாமாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஆர்வெல்லா அம்மா இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பெயர்சூட்டு விழாவில் கிடைத்த நட்சத்திரப் போர்வை. அதற்குள் ஒரு பூத்துணி. பூத்துணிக்குள் போன். ஒரு கீறல் இல்லை. முகப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை.

"அவசரத்துக்குன்னு குடுத்தீங்களே, அதான் பத்திரமா அணைச்சு வச்சிருந்தேன். ஒரு தடவகூடத் தொடல" என்றார் ஆர்வெல்லா அம்மா.

அதுதான் காரணம்! ஒரு மாதம் முழுக்க யாரும் பயன்படுத்தாத போனை, தேவையில்லாத போன் என்று திட்டம் எடுத்துக்கொள்கிறது. எச்சரிக்கை ஒன்று அனுப்பும். அணைத்து வைத்த போனுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? பிறகு லைனைத் துண்டித்துவிடும். எங்கள் பேச்சை நம்பி, நீங்கள் எல்லோரும் போனைக் கண்போல் காத்தீர்கள். காத்த குற்றத்துக்காக இழந்தீர்கள். ஒரு பொருளை அதிகம் மதித்ததால் பறிகொடுத்தவர்கள் நம்மைத் தவிர உலகில் வேறு யார் இருப்பார்கள்!

லைன்களை மீண்டும் உயிர்ப்பித்தோம். மாதத்துக்கு ஒரு முறையாவது யாரையாவது கூப்பிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கும்.

ஆர்வெல்லா அம்மாவிடம் மாமா பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"ஒரு வேலையும் இல்லாம ஒருத்தருக்குப் போன் பண்ணி என்னன்னு சொல்றது? வெக்கமா இருக்காது?"

"சும்மா கூப்பிட்டேன்னு சொல்லு."

"சும்மாவா? நல்லா இருக்கே! அவங்க அடுப்புல வேலையா இருப்பாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருப்பாங்க. சும்மா கூப்பிட்டா என்னப் பைத்தியம்னுல்ல நெனப்பாங்க."

"பைத்தியம் நான்தான்னு ஊருக்கே தெரியும். எனக்குக் கூப்பிடு. நீ கூப்பிட்டா எனக்குத் தொந்தரவு இல்ல, என் வேலைக்கு ஒத்தாசை. இப்ப சரியா?"

ஆர்வெல்லா அம்மா யோசித்தார். "ஒத்தாசைன்னா சரி" என்றார்.

உறவினர்களே, தொந்தரவு கொடுக்க நாம் கூசுவோம். ஒத்தாசை என்று கேட்டால் மறுக்க மாட்டோம். இது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குளிர்கால நடனத்தில், இதே மண்டபத்தில், இதே மைக்கில் அவர் அறிவித்தார். "மாசம் ஒரு தடவ எல்லாரும் எனக்குப் போன் பண்ணுங்க. என் வீட்டு லைன்தான், என் சட்டைப் பையிலதான் இருக்கும். வானிலை சொல்லுங்க. சண்டை போடுங்க. திட்டணும்னா திட்டுங்க, ஆனா திட்டி முடிச்சிட்டுத்தான் வைக்கணும்!"

அன்று ஆரம்பித்தது. மாதப் பிறப்பு வந்தால் அந்தப் போன் அடங்காது. ஆண்டுக்கணக்கில் ஒலிபெருக்கிப் பக்கம் நின்றதால் அவருக்கு ஒரு காது மந்தம். எதையும் சத்தமாக வைத்துத்தான் கேட்பார். ஆகவே உங்கள் எல்லோருடைய அழைப்பையும் நானும் கேட்டேன். மன்னிக்கவும். அலுவலகம் சிறியது.

போரில் காலை இழந்த எம்மெட் ஐயா கூப்பிடுவார். "எம்மெட். உசுரோட இருக்கேன்" என்பார். "தெரியுது. இல்லன்னா வேற யாராவதுல்ல கூப்பிட்டிருப்பாங்க" என்பார் மாமா. எம்மெட் ஐயா டக்கென்று வைத்துவிடுவார். மாதாமாதம் இதேதான். ஒரே ஒரு மாதம் வைக்காமல் இருந்தார். மாமா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து சாவியை எடுத்தார். இரவு முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் நேராக வேலைக்கு வந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் எம்மெட் ஐயா மறுபடி, "உசுரோட இருக்கேன்" என்றார்.

ஆர்வெல்லா அம்மாவுக்கு ஆரம்பத்தில் பேச்சே வராது.

"என்னத்தப் பேச?"

"என்ன சமைச்ச?"

"உருளக்கெழங்கு."

"எப்படிச் சமைச்ச?"

"உருளக்கெழங்க எப்படிச் சமைப்பாங்க? அதுகூடத் தெரியாதா உனக்கு? ஜெனீவா உனக்கு என்னத்தத்தான் போடுறா?"

அவ்வளவுதான், பிறகு மாமா பேச வேண்டிய தேவையே இருக்காது. போனை மேசையில் வைத்துவிட்டுக் காப்பி ஊற்றிக் குடித்துவிட்டு வருவார். அப்போதும் அந்த அம்மா உருளைக்கிழங்கிலேயே இருப்பார்.

இப்போது ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுமதி கேட்டுவிட்டேன். "சொல்லு, எனக்கென்ன" என்றார்.

எல்டோரா அம்மா. ஜெனீவா அத்தைக்கும் டில்ஃபர்டு சித்தப்பாவுக்கும் தாய். வெர்டெல் மாமாவுக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, முகம் பார்ப்பதில்லை. அது பகையால் இல்லை, மதிப்பால். இந்தக் காலத்தில் பலர் இதை விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. மாமா இருக்கும் அறைக்குள் எல்டோரா அம்மா வந்ததில்லை. அவர் அறிவிப்புச் சொல்லும் விழாக்களில் இந்த அம்மா வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு குளிராக இருந்தாலும் கண்ணாடியை இறக்கி விட்டிருப்பார். அதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதைக் கேட்பதற்காக அந்தக் கண்ணாடி இறங்கியிருந்தது என்று யாராவது கேட்டோமா? கேட்க வேண்டிய தேவை இருந்ததா?

ஓடை முடியும் இடத்தில் அவர் தனியாக இருக்கிறார், ஒரு நாயோடு. அவருக்கும் ஒரு லைன். ஆனால் அவர் யாரைக் கூப்பிடுவது? மகளும் மகனும் மருமகன் வீட்டில். அந்த வீட்டின் ஒரே போன் மருமகன் பையில்! மாமா ஜெனீவா அத்தையிடம் சொல்லி அனுப்பினார். "ஆபீஸ்ல டானெல்னு ஒரு பொண்ணு இருக்கு, அது நம்பருக்குக் கூப்பிடச் சொல்லு." எல்டோரா அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அத்தை அதை எங்கள் மேசை முன் நின்று, தாயின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"அந்தப் பொண்ணா? அது பேசவே பேசாதே! பேசாத பொண்ணுக்குக் கூப்பிடுறதுக்கு, பேசக் கூடாத மருமகனுக்கே கூப்பிட்டுக்கிறேன்."

மாமா அலுவலகம் அதிரச் சிரித்தார்.

சொன்னபடியே கூப்பிட்டார். திரையில் அவர் பெயர் வந்ததும் மாமா தொப்பியைக் கழற்றினார். போனை எடுத்தார். ஹலோ சொல்லவில்லை. மெதுவாக மேசையில் வைத்தார். அந்தப் பக்கமும் பேச்சில்லை. கடிகாரச் சத்தம் கேட்டது. நாய் மூச்சு விடுவது கேட்டது. மாமா என்னைப் பார்த்தார்.

"டானெல், வெளிய பாரு. பனி எறங்குது."

பார்த்தேன்.

"ஓடைப் பக்கம் வயசானவங்க யாராவது தனியா இருந்தா, வெறக இன்னைக்கே உள்ள எடுத்து வச்சிக்கிட்டா நல்லதுன்னு எனக்குத் தோணுது. உனக்குத் தோணல?"

தலையாட்டினேன்.

"தலையாட்டுனா போன்ல கேக்காது புள்ள!"

"தோணுது" என்றேன்.

போனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எங்களிடம் இல்லை, நாயிடம்.

"கேட்டியா சார்ஜன்ட்? வெறகு எடுத்து வைக்கணுமாம். முந்தாநாளே எடுத்து அடுக்கியாச்சு. சில பேருக்கு இப்பத்தான் சன்னல் வழியா வானமே தெரியுது."

மாமா தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அன்றிலிருந்து கடைசி மாதம்வரை இப்படித்தான். அவர் என்னோடு பேசுவார். அந்த அம்மா நாயோடு பேசுவார். "டானெல், ஜெனீவா செஞ்ச சூப்ல உப்பு கம்மி. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல." "சார்ஜன்ட், உப்பு கம்மியா சாப்பிடச் சொல்லி டாக்டர் சொன்ன ஆளுங்களுக்கு நாக்கு மட்டும் நீளமா இருக்கு." "டானெல், பனியில வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டாமயே மேட்ட ஏறிட்டேன் தெரியுமா?" "சார்ஜன்ட், நீயே சங்கிலி போட்டுத்தான் வெளிய போற. உனக்கிருக்க புத்தி ஊர்ல எத்தன பேருக்கு இருக்கு?"

நேருக்கு நேர் ஒரு சொல் பேசவில்லை. வழக்கம் ஒரு முறைகூட மீறப்படவில்லை. ஆனால் உறவினர்களே, இந்த ஊரில் அவர்கள் இருவரையும்விட அதிகம் பேசிக்கொண்ட மாமியாரும் மருமகனும் உண்டா?

சென்ற கோடையில் மாமா நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். அந்த மாத அழைப்பு வந்தது. "சார்ஜன்ட், மாத்திரைய ஒழுங்காப் போட்டுக்கிறதுதான் நல்ல நாய்க்கு அழகு" என்றார். குரல் வழக்கம்போல் இல்லை. மாமா பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்தார். போன் பக்கத்தில் வைத்து நன்றாகக் குலுக்கினார். "டானெல், நல்லாப் பாத்துக்க. முழுங்குறேன்" என்று சொல்லி விழுங்கினார். நான் முதன்முறையாக, யாரும் கேட்காமலே, வாயைத் திறந்து சத்தமாகச் சொன்னேன். "முழுங்கிட்டாரு."

மாத்திரைகளை அவர் ஒழுங்காகவே போட்டார். இருந்தும் போய்விட்டார். எம்மெட் ஐயா வீட்டுக்கு ஹீட்டர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, விளக்கையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேட்டரி தூங்கிவிடக் கூடாது என்று அப்போதும் பார்த்திருக்கிறார், பாருங்கள்!

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

மாமாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. மாதப் பிறப்பு வந்தது, போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. நான் ஆர்வெல்லா அம்மா வீட்டுக்குப் போனேன். இழுப்பறையைத் திறந்து காட்டினார். போர்வை, பூத்துணி, போன். அணைத்து வைத்திருக்கிறார்.

"செத்தவன் நம்பருக்கா கூப்பிடச் சொல்ற? அவன் பொண்டாட்டி எடுத்தா நான் என்னன்னு சொல்வேன்? உருளக்கெழங்குன்னா? துக்க வீட்டுக்கு ஒரு மரியாத வேணாமா?" என்று என்னைக் கோபித்தார்.

வேறு யாரையாவது கூப்பிடலாமே என்றேன். "யார?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வீட்டிலும் இதேதான். நாம் துக்கம் காக்கிறோம். மௌனம் காக்கிறோம். அதனாலேயே மறுபடியும் லைன்களை மிகுந்த மரியாதையோடு சாகடித்துக்கொண்டிருக்கிறோம்! எச்சரிக்கைகளின் நகலை எனக்கும் அனுப்பும்படி முன்பே கேட்டு வைத்திருந்தோம்; அவை என் கணினிக்கு வர ஆரம்பித்துவிட்டன. ஹோபார்ட் பெரியவர் வீடு வந்துவிட்டது. எம்மெட் ஐயா வந்துவிட்டார். நேற்று எல்டோரா அம்மாவின் எண் வந்தது. இந்த வாரம் போனால் அந்த லைன் போய்விடும். வெளியே பனி விழுந்துகொண்டிருக்கிறது. டயாலிசிஸ் வேன் மறுபடி வேறு வழியில் வரும் நாள் வரத்தான் போகிறது. அன்று மாமா அந்த வீட்டு வாசலுக்குப் போக மாட்டார்.

அவர் மேல் நமக்கு மதிப்பு இருக்கிறது. மதிப்பு என்றால் என்ன? அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றைத் துணியில் சுற்றி வைப்பதா?

ஜெனீவா அத்தையிடம் போனேன். மாமாவின் போன் சமையலறைச் சன்னலில் இருந்தது. அத்தை அதற்கு நாள்தோறும் மின்சாரம் ஏற்றி வைத்திருக்கிறார்.

"இது அடிச்சா எனக்குத் தாங்காதுன்னு நெனச்சேன். அடிக்காம இருக்கறது அதவிட மோசமா இருக்கு. நீ கொண்டு போ" என்றார்.

நான் என் போனை அத்தையிடம் கொடுத்தேன். அத்தை இதை என் கையில் கொடுத்தார். எண் அதேதான். உங்கள் போன்களில் அவர் பதிந்து கொடுத்த அதே எண்தான். டில்ஃபர்டு சித்தப்பா மேசையில் இருந்தபடி, "இந்தப் புள்ளையால எடுக்க முடியுமா? எடுத்துட்டு இதுவும் பேசாது, அவங்களும் பேச மாட்டாங்க. கம்பெனிக்காரன் கோபுரம் சாஞ்சிடுச்சுன்னு நெனச்சிக்குவான்" என்றார். ஆனால் வியாழக்கிழமைகளில் மாமாவின் வண்டியைத் தானே ஓட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். சங்கிலி மாட்டித்தான் ஓட்டுவாராம். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

உறவினர்களே, இந்த மன்றத்தின் முன், மாமாவின் பெயரைச் சொல்லி உறுதி தருகிறேன். இந்தப் போன் அடித்தால் நான் எடுப்பேன். எந்த நேரமானாலும் எடுப்பேன். எனக்கு அவர் குரல் கிடையாது, அவர் நகைச்சுவை கிடையாது. உருளைக்கிழங்கை எப்படிச் சமைப்பது என்று எனக்கு உண்மையாகவே தெரியும், இருந்தாலும் கேட்பேன். உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், சொன்ன பிறகு அவர் வைக்கிறாரா என்று கவனிப்பேன். வைக்கவில்லை என்றால் சாவியை எடுப்பேன். நீங்கள் கூப்பிட்டால் எனக்குத் தொந்தரவு இல்லை. ஒத்தாசை.

எல்டோரா அம்மா, இந்த மண்டபத்துக்குள் நீங்கள் வந்து உட்கார்ந்து இன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். நமக்குள் எந்த வழக்கமும் குறுக்கே இல்லை. என்னோடு நீங்கள் நேராகவே பேசலாம். நான் பேசாத பெண் என்று சொன்னீர்கள். உண்மைதான். ஆனால் இன்று இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், நீங்களே கேட்டீர்கள்.

சூப் கொதித்துவிட்டது, பொரித்த ரொட்டி வாசம் வருகிறது. உங்களை நிறுத்தி வைக்க மாட்டேன். போன் கொண்டுவந்தவர்கள் உணவு வரிசையில் நிற்கும்போதே கூப்பிடுங்கள். வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும், துணியைப் பிரித்து, பொத்தானை அழுத்திக் கூப்பிடுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், சும்மா கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள்.

நான் இப்போது போய் எல்டோரா அம்மா பக்கத்தில் உட்காரப்போகிறேன். போன் என் மடியில் இருக்கும். சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருக்கிறேன்.